மூன்று கன்று வீச்சு, ஒரே காரணம்: தட்டோன் பக்கத்து எருமைக் கொட்டகை ஒன்றின் நிகழ்வு ஆய்வு

இது பர்மாவில் மோன் மாநிலத்தில், தட்டோனுக்கும் பிலினுக்கும் இடையில் உள்ள ஒரு தமிழ்க் கிராமத்தில் நடந்தது. அந்த வட்டாரத்தில் நான்கு ஊர்களுக்குக் கால்நடை முதலுதவிப் பணியாளனாக இருக்கிறேன். பட்டம் பெற்ற மருத்துவன் அல்ல. ஊசி போடுவேன், காயத்துக்குக் கட்டுப் போடுவேன், என் கைக்கு மீறியதை மாவட்டக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோவேன். அவர் பர்மியர், எல்லோருக்கும் அவர் ‘சயா’. குடும்பத்தாரிடம் கேட்டு, அவர்கள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பெயர் எதுவும் இல்லை. எருமைகளை மட்டும் அவர்கள் கூப்பிடும் பெயராலேயே குறிக்கிறேன். இல்லாவிட்டால் எது எது என்று தெரியாமல் போய்விடும்.

பின்னணி

குடும்பம் நான்கு தலைமுறையாக அந்த ஊரில். பெரியவருக்கு அறுபது தாண்டிவிட்டது. இரண்டு மகன்கள், மூத்த மருமகள், பெரியவரின் மனைவி எல்லோரும் ஒரே வீடு. நெல் வயல் கொஞ்சம் இருந்தாலும் பிழைப்பு எருமையில்தான். முர்ரா கலப்பு உள்ள கறவை எருமைகள் ஒன்பது, ஒரு கடா, மூன்று கிடேரி. கோவில் அபிஷேகத்துக்கென்று இரண்டு பசு மாடுகள். எல்லாம் ஒரே கொட்டகையில் கட்டி, ஒரே குட்டையில் இறங்கும்.

நாட்டு எருமை சேற்றெருமை வகை, ஏருக்கு ஆகும், பால் அதிகம் தராது. முர்ரா ஆற்றெருமை வகை. அதனால் நல்ல கறவை வேண்டுமென்றால் கலப்பு எருமையை வெளியிலிருந்து வாங்கித்தான் ஆக வேண்டும். எங்கள் பக்கம் எருமை ஊர் விட்டு ஊர் போவதற்கு இதுதான் காரணம். நோயும் அந்த வழியில்தான் போகிறது.

நல்ல பருவத்தில் ஒரு நாளைக்கு இருபது வீசை (ஒரு வீசை ஒன்றரைக் கிலோவுக்குச் சற்று மேல்) பால் கிடைக்கும். பாதி இரண்டு தேநீர்க் கடைகளுக்குப் போகும், கொஞ்சம் பலகாரக் கடைக்கு. மீதியைப் பெரியவரின் மனைவி தயிராக்கி விற்பார். விற்கிற பால் எல்லாம் எப்படியும் காய்ச்சப்படுவதுதான். ஆனால் மூத்த மகனுக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு பழக்கம்: பீச்சிய சூட்டில், நுரையோடு ஒரு டம்ளர் குடித்துவிட்டுத்தான் அடுத்த எருமைக்கு உட்காருவார்.

முதல் ஆண்டு, பிப்ரவரி முதல் மார்ச் வரை: வாங்கி வந்த எருமை

பிப்ரவரியில், வேறு மாவட்டத்திலிருந்து ஒரு தரகர் மூலம் இரண்டாம் ஈத்து எருமை ஒன்று வந்தது. எட்டு மாதச் சினை. மடி நன்றாக இருந்தது, விலை சந்தை விலையை விடக் குறைவு. ஏன் குறைவு என்று யாரும் கேட்கவில்லை. அந்தச் சமயம் நான் கூட இருந்தேன், நானும் கேட்கவில்லை.

மார்ச் கடைசியில் அது ஈன்றது. முர்ராவுக்குச் சினைக்காலம் சுமார் 310 நாள். கணக்குப்படி இன்னும் மூன்று வாரம் இருந்தது. கன்று எழுந்து நிற்கவே இல்லை, இரண்டாம் நாள் செத்துவிட்டது. நஞ்சுக்கொடியும் விழவில்லை. எருமைக்குச் சாதாரணமாக ஈன்ற சில மணி நேரத்தில் விழுந்துவிடும், 12 மணி நேரம் தாண்டினால் தங்கிவிட்டது என்று அர்த்தம். மறுநாள் காலை மூத்த மகன் வெறுங்கையை உள்ளே விட்டு இழுத்து எடுத்தார். எடுத்ததைக் குட்டைக் கரையில் வாழை மரத்தடியில் போட்டார்கள். நாய் இழுத்துப் போனது. கொட்டகைத் தரையைக் கழுவிய தண்ணீர் குட்டையில் இறங்கியது.

“லாரியில வந்த அலுப்பு, அதான் முன்னாடியே போட்டுருச்சு” என்றார் பெரியவர். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. நீண்ட பயணம் செய்த சினை எருமை கன்றை வீசுவது, அதாவது நாள் நிறையாமல் போட்டுவிடுவது, உண்டு.

ஜூன்: சுட்டிக்குக் கருப்பைச் சீழ்

சுட்டி அந்த வீட்டிலேயே பிறந்த எருமை, நெற்றியில் வெள்ளை. ஜூன் மாதம், மழை கொட்டிக்கொண்டிருந்தபோது, நாள் நிறைந்து நல்ல கன்று ஈன்றது. அதற்கும் நஞ்சுக்கொடி தங்கியது. அதையும் மூத்த மகன்தான் இழுத்தார். பாதி அறுந்து உள்ளேயே நின்றுவிட்டது. ஆறாம் நாள் என்னைக் கூப்பிட்டார்கள்.

நான் பார்த்தது: தீனி எடுக்கவில்லை, பால் பாதியாகிவிட்டது, உடல் வெப்பம் 104 ஃபாரன்ஹீட். வாலைத் தூக்கினால் செங்காவி நிறத்தில், தண்ணீர் போல, அழுகிய நாற்றத்தோடு கழிவு. இது கருப்பை முழுவதும் சீழ் பிடித்த நிலை. ஈன்ற கருப்பையின் வாய் திறந்திருக்கும், உள்ளே இரத்தமும் அறுந்த சதையும் கிடக்கும். சாணத்திலும் சேற்றிலும் இருக்கிற ஈ. கோலை, ட்ரூப்பெரெல்லா பயோஜெனஸ், காற்றில்லாத இடத்தில் வளரும் ஃபியூசோபாக்டீரியம் போன்ற நுண்ணுயிர்களுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. ஈன்ற இரண்டாம் நாளே சுட்டி குட்டையில் இறங்கிப் படுத்திருந்தது என்பது கேட்டபோது தெரிந்தது. எருமைக்குச் சேறு வேண்டும், அதில்லாமல் அதற்குச் சூடு தணியாது. ஆனால் ஈன்ற முதல் பத்து நாள் அந்தச் சேறு நேராகக் கருப்பைக்குப் போகிறது.

சயாவிடம் தொலைபேசியில் கேட்டு, ஆக்ஸிடெட்ராசைக்ளின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி ஊசி போட்டேன், காய்ச்சலுக்கும் வலிக்கும் தனியாக ஒன்று. மருந்துப் புட்டியில் குறித்திருக்கும் நாள்வரை பாலை யாருக்கும் கொடுக்க வேண்டாம் என்றேன், கொட்டினார்கள். மிச்சமிருந்த கொடியை நான் தொடவில்லை. நஞ்சுக்கொடி கருப்பைச் சுவரில் பொத்தான் மாட்டியது போலப் பல இடங்களில் பிடித்திருக்கும். இழுத்தால் பொத்தானோடு துணியும் கிழிகிற மாதிரி சுவரும் கிழிந்து வரும். கிழிந்த இடமெல்லாம் நுண்ணுயிர் நுழைகிற வாசல். அழுகித் தானே விழட்டும் என்று விட்டேன், ஒன்பதாம் நாள் விழுந்தது. காய்ச்சல் மூன்று நாளில் தணிந்தது, பால் ஓரளவு திரும்பியது.

அன்று நான் செய்யாமல் விட்டதையும் எழுத வேண்டும். இந்தக் கொட்டகையில் வேறு எதற்காவது கொடி தங்கியதா, கன்று செத்ததா என்று கேட்கவில்லை. மார்ச் மாதத்து விஷயம் எனக்குத் தெரிந்திருந்தும், அதையும் இதையும் சேர்த்து நினைக்கவில்லை. என் கண்ணில் பட்டது சுட்டி மட்டும்தான். அந்த வீட்டில் மே மாதத்திலிருந்து இன்னொருவருக்கும் காய்ச்சல் விட்டு விட்டு வந்துகொண்டிருந்தது. அதையும் கேட்கவில்லை.

செப்டம்பர்: கூளை

செப்டம்பரில் கூளை என்று அவர்கள் கூப்பிடும் எருமை எட்டாம் மாதத்தில் கன்றை வீசியது. கன்று செத்தே விழுந்தது. நஞ்சுக்கொடி தடித்து, தோல் போல இருந்தது என்று பெரியவரின் மனைவி பிறகு சொன்னார். அப்போது யாரும் என்னிடம் சொல்லவில்லை. நான் போனபோது எல்லாம் கழுவித் துடைத்திருந்தது. சேற்றில் வழுக்கி விழுந்ததால் வீசியிருக்கும் என்றார்கள். தாது உப்புக் கலவையும் கால்சியமும் கொடுக்கச் சொல்லிவிட்டு வந்தேன்.

இதற்கிடையில் சுட்டி சினை பிடிக்கவில்லை. ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை மூன்று முறை பருவத்துக்கு வந்தது. கடாவுக்கு விட்டும் 21 நாள் கழித்து மறுபடி கத்தியது. பருவத்தின்போது ஒழுகிய வழும்பு கண்ணாடி போலத் தெளிவாக இல்லை, அதில் வெள்ளைத் துணுக்குகள் இருந்தன. “நல்ல கறவை, வயிறு மட்டும் கெட்டுப்போச்சு. வித்துரலாமா தம்பி?” என்று பெரியவர் கேட்டார். கொஞ்சம் பொறுங்கள் என்றேன்.

நவம்பர்: மூன்றாவது

நவம்பரில் மூத்தவள் என்று அவர்கள் சொல்கிற எருமை, ஐந்து ஈத்து கண்டது, இதுவரை ஒரு தொந்தரவும் தராதது, ஏழாம் மாதத்தில் வீசியது. இந்த முறை இளைய மகன் விடியற்காலையிலேயே வந்து கூப்பிட்டார். போகும்போதே அவர் சொன்ன ஒரு வாக்கியம்தான் என்னை நிறுத்தியது: “அண்ணனால வர முடியல, அவருக்கு ராத்திரி பூரா வேர்த்து நனைஞ்சிருச்சு.”

மே மாதத்திலிருந்து மாலையில் காய்ச்சல், இரவில் வேர்வை, இடுப்பிலும் முட்டியிலும் வலி. மலேரியாப் பரிசோதனை நான்கு முறை, எல்லாம் இல்லை என்றே வந்தது. காசநோயோ என்று சளியும் பார்த்தாயிற்று, அதிலும் எதுவும் இல்லை. எருமையின் கருப்பையும் இந்த மனிதரின் காய்ச்சலும் ஒன்றே என்று அப்போதுதான் தோன்றியது. கைகால் ஓடவில்லை எனக்கு.

கன்று வீச்சு நோய் என்று நாம் சொல்வது புருசெல்லா அபார்ட்டஸ் என்ற நுண்ணுயிரால் வருகிறது. இந்த இனத்து நுண்ணுயிரை முதலில் 1887இல் மால்ட்டா தீவில், காய்ச்சலால் இறந்த படைவீரர்களின் உடலிலிருந்து டேவிட் புரூஸ் பிரித்தார். மாடு கன்று வீசுவதற்குக் காரணமான வகையை 1897இல் டென்மார்க்கில் பெர்னார்டு பேங் கண்டார். மாட்டினத்தின் நஞ்சுக்கொடியில் எரித்ரிட்டால் என்ற சர்க்கரைப் பொருள் நிறைய இருக்கிறது, இந்த நுண்ணுயிருக்கு அது பிடித்த தீனி. அதனால்தான் சினையின் பிற்பகுதியில், கொடி பெரிதானபின், பெருகிக் கன்றை வெளியே தள்ளுகிறது. வீசிய கன்றிலும் கொடியிலும் நீரிலும் கோடிக்கணக்கில் இருக்கும். மற்ற எருமை அதை நக்கினால், அது பட்ட புல்லைத் தின்றால், குட்டைத் தண்ணீரைக் குடித்தால் போதும். கொடியை வெறுங்கையால் தொடுகிற, பச்சைப் பால் குடிக்கிற மனிதருக்கும் இதுவே தொற்றும். வெயிலில் சீக்கிரம் சாகும், நிழலான ஈரச் சேற்றில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். எங்கள் ஊரில் மே நடுவிலிருந்து அக்டோபர் வரை எல்லாமே நிழலான ஈரச் சேறுதான்.

அன்று செய்ததும், ஏன் செய்தோம் என்பதும்

சயா மதியமே வந்தார். அவர் வருவதற்குள் நான் செய்தவை சில. மூத்தவளை மற்றவற்றோடு சேராமல் தென்னந்தோப்புப் பக்கம் கட்டினோம். செத்த கன்றையும் கொடியையும் தொடுமுன் நானும் இளைய மகனும் கையில் முழங்கை தாண்டிப் பிளாஸ்டிக் பையை மாட்டி, வாயை மூக்கோடு துணியால் கட்டிக்கொண்டோம். குட்டையிலிருந்து தள்ளி, மேட்டில் இடுப்பு ஆழத்துக்கு மேல் குழி வெட்டி, சுண்ணாம்பு கொட்டிப் புதைத்தோம். நாய் தோண்டாமல் கல் வைத்தோம். வீசிய இடத்து வைக்கோலை எரித்து, தரைக்குச் சுண்ணாம்பு நீர் அடித்தோம். மூத்த மருமகள் அப்போது நான்கு மாதக் கர்ப்பம். கொட்டகைப் பக்கமே வரக்கூடாது என்று சொன்னேன். சாணம் அள்ளுவது அதுவரை அவர் வேலையாக இருந்தது.

சயா பதினைந்து உயிர்களுக்கும் இரத்தம் எடுத்தார். ஒவ்வொன்றுக்கும் புது ஊசி. இதைக் குறிப்பாக எழுதுகிறேன், ஏனென்றால் நான் அதுவரை ஒரே ஊசியைக் கொதிநீரில் முக்கி இரண்டு மூன்றுக்குப் போட்டதுண்டு. செத்த புருசெல்லா நுண்ணுயிருக்கு ரோஸ் பெங்கால் என்ற சாயம் ஏற்றிய சிவப்பான கரைசலில் ஒரு சொட்டு, இரத்த நீரில் ஒரு சொட்டு. நான்கு நிமிடம் ஆட்டிப் பார்த்து, மணல் மணலாகத் திரண்டால் நோய்க்குறி உண்டு. திரண்டவற்றை, உறுதி செய்வதற்காக எலிசா என்ற ஆய்வகச் சோதனைக்கு ரங்கூனுக்கு அனுப்பினார்.

முடிவு வந்தபோது: வாங்கி வந்த எருமை, கூளை, மூத்தவள், ஆறு மாதச் சினையாக இருந்த இன்னொரு எருமை ஆகிய நான்குக்கும் நோய். பசு இரண்டில் ஒன்றுக்கு நோய். கடாவுக்கு இல்லை, மூன்று கிடேரிகளுக்கும் இல்லை.

சுட்டிக்கும் இல்லை.

இந்த ஒன்றை நான் எதிர்பார்க்கவில்லை. சோதனை முடிவு தெரியும் முன்பே, எல்லாமே கன்று வீச்சு நோய்தான், சுட்டியும் போய்விட்டது என்று முடிவு கட்டியிருந்தேன். ஜூனில் பெரிய காரணத்தைப் பார்க்கத் தவறினேன். நவம்பரில் அதே பெரிய காரணத்தை எல்லாவற்றுக்கும் பூசப் பார்த்தேன். சுட்டிக்கு இருந்தது சாதாரணச் சேற்று நுண்ணுயிர்கள் விட்டுப்போன நாட்பட்ட கருப்பை அழற்சி. அதற்கு மருந்து உண்டு.

பேசித் தீர்த்த முடிவுகள்

முதல் கேள்வி, நோயுள்ள ஐந்துக்கும் மருந்து கொடுக்கலாமா என்பது. கூடாது என்று சயா உறுதியாகச் சொன்னார். இந்த நுண்ணுயிர் உடலின் உயிரணுக்களுக்கு உள்ளேயே ஒளிந்து வாழ்வது. ஊசி போட்டால் கொஞ்சம் அடங்கும், முழுக்கப் போகாது, அடுத்த ஈத்தில் மறுபடி வெளியேறும். இதில் இன்னொரு ஏமாற்று இருக்கிறது: ஒருமுறை வீசிய எருமை அடுத்த முறை பெரும்பாலும் நாள் நிறைந்து நல்ல கன்றே ஈனும். சரியாகிவிட்டது என்று நினைப்போம். ஆனால் பாலிலும் ஈற்று நீரிலும் நோயைக் கொட்டிக்கொண்டே இருக்கும். வாங்கி வந்த எருமை பார்வைக்கு அவ்வளவு நன்றாக இருந்தது இப்படித்தான்.

இரண்டாவது கேள்வி விற்பது. செய்தி ஊரில் கசிந்த நான்காம் நாளே ஒரு தரகர் வந்துவிட்டார். நான்கையும் கறவை விலைக்கே எடுத்துக்கொள்கிறேன், வேறு மாவட்டத்துக்குப் போய்விடும், பேச்சு இங்கேயே முடிந்துவிடும் என்றார். கசாப்புக்குக் கொடுத்தால் பாதி விலைதான். வீட்டில் அன்று நடந்த பேச்சு நீளமானது. இளைய மகன் விற்கலாம் என்றார். கடன் இருந்தது, அவர் கேட்டதில் தப்பில்லை. நான் எதுவும் சொல்லவில்லை, சொல்லும் இடம் அது இல்லை. கடைசியில் பெரியவரின் மனைவிதான் பேசினார். “நமக்கு வித்தவன் வீட்டுலயும் இப்படித்தான் பேசியிருப்பாங்க. அவன் சொல்லாம வித்ததாலதானே இப்ப எம்புள்ள படுத்திருக்கான்?” அதற்குமேல் யாரும் பேசவில்லை.

வேறு விவசாயிக்கு விற்பதில்லை என்று முடிவானது. வாங்கி வந்த எருமையும் கூளையும் உரிமம் உள்ள அறுப்புக்கூடத்துக்கு நேராகப் போயின. சினையாக இருந்தது தனிக் கொட்டகையில் ஈனட்டும், பால் வற்றியபின் அதுவும் போகட்டும் என்று வைத்தோம். மூத்தவளைக் கொடுக்கப் பெரியவர் மறுத்துவிட்டார். “அஞ்சு ஈத்துப் பால் குடிச்சிருக்கோம்” என்றார். சயா அவரோடு வாதாடவில்லை, ஒரு நிபந்தனை போட்டார்: தோப்பில் தனியாக, வேலிக்குள், வேறு தொட்டியில் தண்ணீர், இனிக் கடாவுக்கு விடக்கூடாது. சினை இல்லையென்றால் ஈற்று இல்லை, நோய் கொட்டுகிற பெரிய வழி அடைபடும். பசுவுக்கும் அதே ஏற்பாடு. நூலில் உள்ளபடி எல்லாவற்றையும் கழிப்பதுதான் சரி. ஆனால் அந்த வீட்டில் அது நடக்காது. நடக்காததைக் கட்டளையாகச் சொல்லிவிட்டுப் போனால், இரவோடிரவாக எருமை வேறெங்காவது போகும். சயா எடுத்த முடிவு எனக்குச் சரியாகவே பட்டது, இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

மூன்றாவது பால். நோயில்லாதவற்றை முதலில் பீச்சி, கையைக் கழுவி, நோயுள்ளதைக் கடைசியில். எல்லாப் பாலும் வீட்டிலேயே பொங்கக் காய்ச்சிய பின்தான் வாசல் தாண்டும். 72 பாகை செல்சியஸில் 15 விநாடி இருந்தாலே இந்த நுண்ணுயிர் செத்துவிடும், பொங்கக் காய்ச்சினால் கேட்கவே வேண்டாம். காய்ச்சிய பாலில் உறைய வைத்த தயிராலும் ஆபத்தில்லை. தேநீர்க் கடைக்காரர்களிடம் பெரியவரே போய் விவரம் சொன்னார். ஒருவர் நிறுத்திவிட்டார். மற்றவர், எப்படியும் நான் காய்ச்சத்தானே போகிறேன் என்று தொடர்ந்தார்.

கோவில் பால் இதைவிடக் கடினமாக இருந்தது. வெள்ளிக்கிழமை அம்மனுக்குப் பசும்பால் அபிஷேகம், பச்சைப் பால்தான். அபிஷேகப் பாலைக் குழந்தைகளுக்குத் தீர்த்தமாகக் கொடுப்பார்கள். பூசாரியிடம் நானும் பெரியவரும் போனோம். காய்ச்சிய பாலை அம்மனுக்கு ஊற்ற முடியாது என்றார். அது அவர் முறை, அதில் நாங்கள் தலையிடவில்லை. நோயில்லாத பசுவின் பாலை மட்டும் தருகிறோம், அதையும் யாருக்கும் குடிக்கக் கொடுக்காமல் மரத்தடியில் விட்டுவிடுங்கள், தீர்த்தத்துக்கு மஞ்சள் தண்ணீர் போதுமே என்று கேட்டோம். யோசித்து ஒரு வாரத்தில் ஒப்புக்கொண்டார். அடுத்த வெள்ளியே கோவிலில் அவரே எல்லோருக்கும் விளக்கிச் சொன்னார். நான் நான்கு ஊரில் சொல்லி நடக்காதது அவர் ஒருமுறை சொன்னதில் நடந்தது.

மனிதருக்கு நடந்தது

மூத்த மகனை மறுபடி மருத்துவமனைக்கு அனுப்பும்போது, “எருமை கன்னு வீசுச்சு, வெறுங்கையால கொடி எடுத்தேன், பச்சப் பால் குடிப்பேன்னு மொதல்ல சொல்லுங்கண்ணே” என்று எழுதியும் கொடுத்தேன். ஆறு மாதமாக அவர் பார்த்த எந்த மருத்துவரிடமும் எருமையைப் பற்றிய பேச்சே வரவில்லை. இரத்தச் சோதனையில் நோய் உறுதியானது. டாக்சிசைக்ளினும் ரிஃபாம்பிசினும் சேர்த்து ஆறு வாரம். நான்காம் வாரம் உடம்பு தேறிவிட்டது என்று மாத்திரையை நிறுத்திவிட்டார். பிப்ரவரியில் காய்ச்சல் திரும்பியது. மறுபடி முதலிலிருந்து ஆறு வாரம். இந்த முறை அவர் அம்மா மாத்திரை அட்டையைத் தன்னிடமே வைத்துக்கொண்டார். அதன்பின் காய்ச்சல் இல்லை. இடுப்பு வலி மட்டும் மழைக்கு இன்னும் வருகிறது.

மருமகளுக்குச் சோதனையில் நோய் இல்லை, குழந்தை நலமாகப் பிறந்தது. நானும் சோதித்துக்கொண்டேன், எனக்கும் இல்லை.

சுட்டி

நவம்பர் கடைசியில் சயா சுட்டிக்கு உள்ளே கையை விட்டுச் சோதித்து, சினை இல்லை என்று உறுதி செய்தபின் புராஸ்டாகிளாண்டின் ஊசி போட்டார். அது சூலகத்தில் உள்ள மஞ்சள் கட்டியைக் கரைத்துப் பருவத்தை வரவழைக்கும். பருவத்தில் கருப்பை வாய் திறந்து சுருங்கி விரியும்போது உள்ளிருக்கும் சீழ் வெளியேறும். சினை இருக்கும்போது போட்டால் கலைந்துவிடும், அதனால்தான் முதலில் சோதனை. கர்ப்பிணிகளும் ஆஸ்துமா உள்ளவர்களும் இந்த மருந்தைத் தொடவே கூடாது. தோல் வழியாகவே உள்ளே போகும்.

நான்காம் நாள் பருவம் வந்தது, சீழ் கொட்டியது. அந்தப் பருவத்தில் கடாவுக்கு விடவில்லை. அடுத்ததிலும் வழும்பில் துணுக்கு இருந்ததால் விடவில்லை. ஜனவரி முதல் வாரம், மாட்டுப் பொங்கலுக்குச் சற்று முன், வழும்பு கண்ணாடி போல வந்தது. அப்போது விட்டதில் சினை நின்றது.

இரண்டாம் ஆண்டு

ஜனவரியில் மறுசோதனை. ஒரு கிடேரிக்குப் புதிதாக நோய் தெரிந்தது. நோய் ஏறி, இரத்தத்தில் தெரிய வாரங்கள் ஆகும் என்பதால்தான் ஒரு சோதனையோடு நிற்கக்கூடாது. அந்தக் கிடேரியும் கசாப்புக்குப் போனது. பெரியவருக்கு அதுதான் மிகவும் வலித்தது, அது மூத்தவளின் கன்று.

நோயோடு சினையாக இருந்த எருமை மார்ச்சில் தனிக் கொட்டகையில் நாள் நிறைந்து உயிருள்ள ஆண் கன்று ஈன்றது. கொடியும் நேரத்துக்கு விழுந்தது. பார்த்தவர்கள் யாரும் அதை நோயுள்ளது என்று சொல்லமாட்டார்கள். கொடியைக் குழியில் புதைத்தோம். பால் வற்றியபின் எருமை போனது. கன்றைக் கடாவாக விடுவதில்லை என்று முடிவு.

ஏப்ரலிலும் அக்டோபரிலும் மீண்டும் சோதித்தபோது மீதியில் எதற்கும் நோய் இல்லை. எஸ்19 என்ற கன்று வீச்சு நோய்த் தடுப்பூசியைப் பெண் கன்றுகளுக்கு நான்கு முதல் எட்டு மாதத்துக்குள் போடலாம் என்று சயா சொன்னார், எங்கள் பக்கம் அது அப்போது கிடைக்கவில்லை. நட்டம் பெரிது. ஒன்பது கறவையில் இப்போது பால் தருகிற நிலையில் இருப்பது ஐந்து. கடன் இன்னும் முடியவில்லை.

நவம்பர் இரண்டாம் வாரம் சுட்டி ஈன்றது. கிடேரிக் கன்று. ஈனுவதற்கு மேட்டில் புது வைக்கோல் போட்ட தனி இடம், பத்து நாள் குட்டை இல்லை, குளிர்ச்சிக்கு வாளித் தண்ணீர். கொடி ஐந்து மணி நேரத்தில் விழுந்தது. யாரும் கை வைக்கவில்லை.

இனி மாற்றிச் செய்பவை

எருமை கன்று வீசினால், அது எத்தனையாவது மாதமானாலும், வழுக்கி விழுந்தது என்று யார் சொன்னாலும், இரத்தம் எடுக்கச் சொல்கிறேன். ஒரு கொட்டகையில் இரண்டாவது வீச்சுக்குக் காத்திருப்பதில்லை. கொடி தங்கிய எருமையைப் பார்க்கப் போனால் அந்த எருமையைப் பார்ப்பதற்கு முன் வீட்டுக்காரரிடம் மூன்று கேட்கிறேன்: இந்த வருடம் வேறு எது வீசியது, வெளியிலிருந்து எது வந்தது, வீட்டில் யாருக்குக் காய்ச்சல்.

சினை எருமை வாங்குவதென்றால் சோதித்து வாங்க வேண்டும். அதுவும் போதாது. நோயுள்ள சினை எருமை சில சமயம் ஈன்ற பிறகுதான் இரத்தத்தில் காட்டும். ஆகவே ஈன்று முடித்து மறுசோதனை வரும்வரை தனியாகக் கட்ட வேண்டும். இடம் இல்லாதவர்கள் சினை எருமை வாங்காமல், சோதித்த கிடேரி வாங்குவது நல்லது என்பது என் கருத்து. சயா இதை முழுக்க ஏற்கவில்லை, கிடேரியிலும் நோய் ஒளிந்திருக்கலாம் என்கிறார்.

பெரியவர் வீட்டில் இப்போது ஒரு நோட்டு இருக்கிறது. பருவம், கடாவுக்கு விட்ட நாள், ஈன்ற நாள், கொடி விழுந்த நேரம். மூத்த மருமகள்தான் எழுதுகிறார். கன்று வீச்சு ஒன்றுக்கு ஒன்று எத்தனை நாள் இடைவெளி என்று அன்று ஒரு தாளில் இருந்திருந்தால், செப்டம்பரிலேயே என் கண்ணில் பட்டிருக்கும்.

அந்தக் குட்டையில் வேறு ஐந்து வீட்டு எருமைகளும் இறங்குகின்றன. மூன்று வீட்டார் இரத்தம் எடுக்க விட்டார்கள், அவற்றில் நோய் இல்லை. இரண்டு வீட்டார் இன்னும் விடவில்லை. நெல் அறுப்பு முடியட்டும் பார்க்கலாம் என்றிருக்கிறார்கள். மூத்த மகன் என்னோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.